கிழிந்த ஜவ்வு

“மூட்டு ஜவ்வு கிழிஞ்சிருக்கு,” என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார் டாக்டர். “மெதுவா ஓடினா தாங்கும், இறக்கத்துல முழு வேகத்துல ஓடினா கிழிஞ்சிடும்னு போன மாசமே சொன்னேனே?”

“அதுக்கப்புறம் இவளை மெதுவாத்தான் சார் ஓட விட்டேன்,” அப்பாவின் குரல் உடைந்தது. “அடுத்த வாரம் போட்டி. ஒரு ஊசி போட்டு ஓட வைக்க முடியாதா?”

“வச்சா ஆயுசுக்கும் நொண்டுவா.”

அப்பா கோச்சுக்கு போன் செய்ய வெளியே போனார். டாக்டர் கட்டிலில் கால் நீட்டியிருந்த அவருடைய பதினாறு வயது மகளிடம் குனிந்தார்.

“அப்பா பொய் சொல்றாரா? உன்னை வேகமா ஓட வச்சாரா?”

“இல்ல டாக்டர். அவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, பாலத்து இறக்கத்துல நானேதான் தினமும் ஓடினேன்.”

“கிழிஞ்சிடும்னு அவ்வளவு சொல்லியுமா?”

“நீங்க சொன்னதாலதான். ஓடப் பிடிக்கலைன்னு ஆறு வருஷமா சொல்றேன், அவர் காதுலயே விழல. முழங்கால் சொன்னாலாவது கேப்பாருன்னு பார்த்தேன்.”

அவள் அழவில்லை.

அப்பா திரும்பி வந்தார்.

“இனிமே இவளால ஓடவே முடியாது,” என்றார் டாக்டர், உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே.

“பரவாயில்ல சார், கோச்சுகிட்ட பேசிட்டேன்,” அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. “கால் ஆறினதும் நீச்சல்ல சேர்த்துடலாம்.”