புகை பார்க்கப் போனவள்

காருக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். கண் சைலன்சர் குழாயை விட்டு அகலவில்லை.

நீலப் புகை வருகிறதா?

வரவில்லை.

ஏற்காடு மலைப்பாதை. முன்னால் போவது அறுபது வருஷத்துக் கார். ஓட்டுகிறவர் அவள் கணவர், காரைவிடப் பத்து வயது மூத்தவர். கொஞ்ச நாளாக அது ஆயிலை மடக் மடக்கென்று குடிக்கிறது. ஊற்ற ஊற்ற எங்கே போகிறதென்று தெரியவில்லை.

மெக்கானிக் செபஸ்தியான் சொல்லிவிட்டான். ஏற்றத்தில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போச்சு. இன்ஜினைப் பிரிக்க வேண்டும். சாமான் கிடைக்க வருஷமானாலும் ஆகும். புகை இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது, ஒரு வாஷரோடு போய்விடும். ஓட்டுகிறவருக்குப் புகை தெரியாது. பின்னால் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

வாஷரோடு போகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். தெருப் பிள்ளைகள் நாலு பேரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இதே மலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு வளைவில் கார் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.

குழிக்காக இருக்கும்.

அடுத்த வளைவிலும் நகர்ந்தது. அங்கே குழி இல்லை.

அதற்கப்புறம் அவள் குழாயைப் பார்க்கவில்லை.

மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கியது. ஹாரன் காதைக் கிழித்தது. கார் நேராக அதன் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. எத்தனை பெரிய பஸ்! அதுகூடவா தெரியவில்லை?

"என்னங்க!" ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினாள். யாருக்குக் கேட்கும்?

கடைசி நொடியில் கார் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே போனார்.

பாவி மனுஷன், எத்தனை நாளாக இப்படி? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா?

சொல்ல மாட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கே போன மாசம் சாப்பிடாமல் எழுந்து போனவர்.

மேலே டீக்கடைப் பக்கம் காரை ஓரங்கட்டினார். இறங்கி வந்தார்.

"பொகை வந்துச்சா?"

இன்ஜின் சுத்தம். மாற்ற வேண்டியது ஒரு வாஷர். அவர் உயிரே அந்தக் காரில்தான் இருக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"வந்துச்சுங்க," என்றாள். "ஏத்தம் பூராவும். ஒரே நீலம்."

அவர் அவளையே பார்த்தார்.

குழாயின் வாய்க்குள் ஒரு விரலை விட்டு எடுத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா இல்லையா என்று விரல் சொல்லிவிடும். பழைய கார் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி.

அவர் குனியவில்லை.

"செபஸ்தியான இங்கயே வந்து எடுத்துட்டுப் போவச் சொல்லு," என்றார்.

சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.