கண்டக்டரின் மூக்கு

"மீனெல்லாம் வித்துப்போச்சு தம்பி, கூடை காலிதான். சிதம்பரத்துல மவளுக்குச் சோறு குடுக்கப் போறேன்."

"காலிக் கூடையே கொடலப் புடுங்குது. மொதல்ல எறங்கும்மா!"

பி.முட்லூரில் அந்த மீன்காரம்மாவை நான் இறக்கிவிட்டபோது, பஸ்ஸில் யாருமே புகார் சொல்லியிருக்கவில்லை. பயணிகள் நலனில் எனக்குத்தான் அவ்வளவு அக்கறை.

சிதம்பரத்தில் ட்ரிப் முடிந்ததும், மூக்கடைப்புக்காக டாக்டரைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"மூக்குத் தண்டு நல்லா வளைஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். வாசனை தெரியுதா?"

"பத்து வருஷமா ஒண்ணுமே தெரியல சார். சாம்பாரும் சாக்கடையும் எனக்கு ஒண்ணுதான்" என்று சிரித்தேன்.

டாக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜான்சி சிரிக்கவில்லை. "வாம்மா, ஏன் இவ்ளோ லேட்டு?" என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டாள்.

திரும்பினேன். கதவோரம் சோற்றுத் தூக்கோடு அந்த மீன்காரம்மா நின்றிருந்தார். கோபம்கூட இல்லாமல் கேட்டார்:

"அப்ப எந்த மூக்கால தம்பி என்ன மோந்து பாத்த?"

வெட்கத்தில் வாயை மூடிக்கொள்ளலாம் என்றால், மூச்சு விட எனக்கு வேறு வழியில்லை.