ஆறு டம்ளர் விஸ்கி

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஆறு டம்ளர்களில் விஸ்கி ஊற்றி வைத்திருந்தது.

மேசை முன் உட்கார்ந்திருந்தவரின் மனைவிக்கு அண்ணன், உள்ளே நுழைந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலங்காத்தாலயே கடை விரிச்சாச்சா மாப்பிள்ளை?"

"ஆபீஸ் வேலை மச்சான். கம்பெனி எதை வாங்கி விக்கலாம்னு நான்தான் ருசி பார்த்து எழுதணும்."

"அதை ஆபீஸ்லயே பண்ணக் கூடாதா? ஒரு வருஷமா வீட்டுக்கே பாட்டில் வருது. கீழ் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். என் தங்கச்சி எப்படித்தான் உங்களோட குப்பை கொட்டுறாளோ."

மாப்பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

தங்கை சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். "சும்மா இருண்ணா, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு." இரண்டாவது டம்ளரை எடுத்து முகர்ந்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"இது போர்பன், அமெரிக்கச் சோள விஸ்கி. வெனிலா வாசனை நல்லா இருக்கு, இந்த விலைக்குத் தாராளம். எழுதிக்குங்க. மூணாவது ஸ்காட்ச். வெறும் புகை. பாதி விலைக்குக்கூட வேண்டாம்."

கணவர் எழுதிக்கொண்டார்.

"போன வருஷக் காய்ச்சல்ல இவருக்கு வாசனையும் ருசியும் போயிடுச்சுண்ணா. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

கம்பெனி அந்த போர்பனை வாங்கியது, அது நன்றாக விற்றது. கணவருக்குப் பதவி உயர்வு வந்தது. இனிமேல் முதலாளி முன்னிலையில்தான் ருசி பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

மறுநாள் அவர் வேலையை விட்டார். காலியான இடத்துக்கு மனைவி விண்ணப்பித்தாள். கிடைத்தது.