மூன்றைப் போடு என்றாள் நடீன்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். எதிரிக்கு நல்ல புத்தி சொல்லியே அவனைக் கவிழ்த்த ஒருத்தியின் கதை இது.

சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் ஓஹையோவில், டேட்டன் நகரத்து கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மேஜைக்கு முன்னால் ராய்ஸ் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். மேஜைக்குப் பின்னால் சாமான் எடுத்துக் கொடுப்பவள் நடீன்.

வாசலில் நின்ற பச்சைக் கார் ராய்ஸுடையது. போன வருஷம் வரை அது நடீனின் தம்பி வெண்டலுடையது.

அவனும் ராய்ஸும் கார் ஓட்டப் பந்தயம் விட்டார்கள்; தோற்றவன் காரையே கொடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. வெண்டல் தன் எஞ்சினுக்கு மூன்று சின்ன கார்புரேட்டர் வைத்திருந்தான். சும்மா போகும்போது நடுவில் இருப்பது மட்டும் பெட்ரோல் ஊட்டும். மிதியை அமுக்கி மிதித்தால் ஓரத்து இரண்டும் சேர்ந்து வாயைத் திறக்கும்.

அன்றைக்குத் திறக்கவில்லை.

என்ன ஏது என்று குனிந்து பார்ப்பதற்குள் ராய்ஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். மூன்று கார்புரேட்டர் வைக்கிறவன் முட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னான். மூன்றையும் கழற்றி இந்தக் கடைக்குப் பின்னால் இருந்த குப்பையில் வீசினான்.

வெண்டல் அடுத்த வாரம் பட்டாளத்துக்குப் போனான். பஸ் ஏறும்போது, "எங்கயோ நான்தான் தப்பு பண்ணிட்டேன் அக்கா" என்றான்.

வியட்நாமிலிருந்து பெட்டிதான் வந்தது.

இப்போது மறுபடி பந்தயம், வருகிற ஞாயிறு. அதே நிபந்தனை. எதிரே ஓட்டப்போவது நடீனேதான். ஊர் சிரித்தது. எல்லோரையும்விட ராய்ஸுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. அதனால்தான் சாமானையும் அவளிடமே வாங்க வந்திருந்தான்.

"சொல்லு கண்ணு, உன்னை ஜெயிக்கிறதுக்கு எதைப் போடட்டும்?"

கடையில் இருந்தவர்கள் காப்பிக் குவளையோடு திரும்பினார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

நடீன் மேஜையில் ஒரு பக்கம் சின்ன கார்புரேட்டர் மூன்றை வைத்தாள். மறுபக்கம் பெரியவை இரண்டு. மாட்டினால் பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும் ராட்சசர்கள். பார்க்கிறவனுக்கு வாய் ஊறும்.

"மூணைப் போடு" என்றாள், கடை முழுக்கக் கேட்க. "உன் எஞ்சின் வயித்துக்கு அதுதான் அளவு. இந்த ரெண்டு தடியனையும் மாட்டினேன்னா, புறப்படுற கோட்டுல மிதிச்ச உடனே தொண்டை அடைச்சுக்கும். வேகம் பிடிச்சப்புறம்தான் மூச்சே வரும். அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சமைச்சு முடிச்சிருப்பேன்."

அத்தனையும் நிஜம். ஒரு சொல் பொய்யில்லை.

ராய்ஸின் கண் சின்னவற்றின் மேல் போய் நின்றது. கைகூட நீண்டது. தொழில் தெரிந்தவன் அல்லவா?

"அப்போ செத்துப்போன பையன் வச்சதுதான் சரியா, ராய்ஸு?"

கேட்டவர் கிழவர் எல்மர். குத்தலாகக் கேட்கவில்லை. பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நீண்ட கை நின்றது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"அவனுக்கு எஞ்சினும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. மூணை வச்சுக்கிட்டுப் பால் வாங்கத்தான் போகலாம். ரெண்டைக் கட்டு, கண்ணு."

கட்டினாள். பெட்டியின் மூலை நசுங்கிவிடாமல், பிறந்த வீட்டுச் சீர் போலப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள்.

ஞாயிறன்று, ஊருக்கு வெளியே விமானம் வராத பழைய ஓடுபாதையில் கொடி இறங்கியது. பச்சைக் கார் ஒரு இருமல் இருமியது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த காளை மாதிரி கோட்டிலேயே முக்கியது. அதற்கு மூச்சு வந்தபோது நடீன் அந்தக் கோடியில் பிரேக் போட்டிருந்தாள்.

ஜெயித்தவர் மேல் சந்தேகம் இருந்தால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லலாம். அங்கே அது வழக்கம்.

"திறடி" என்றான் ராய்ஸ்.

திறந்தாள்.

மூன்று. குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து, தன் காரின் அதே வகை எஞ்சினில் அவள் உட்கார வைத்த வெண்டலின் மூன்று. எல்மர் தொப்பியைக் கழற்றினார்.

ராய்ஸ் குனிந்து பார்த்தான். நடுவில் இருப்பதையும் ஓரத்தில் இருப்பவற்றையும் இணைக்கும் தண்டில், அதைப் பிணைக்கும் ஆணி கழன்று விழாமலிருக்க மெல்லிய கம்பி முறுக்கியிருந்தது. ஆணி விழுந்தால் ஓரத்து இரண்டும் வாயைத் திறக்காது. கம்பி முறுக்குவது வெண்டலின் பழக்கம். இந்தக் கம்பி புதுசு. பக்கத்திலேயே, எடுக்காமல் விட்ட பழைய கம்பியின் துண்டு.

தானாக அறுந்த கம்பியின் நுனி இழுபட்டு ஊசியாக இருக்கும். இந்த நுனி தட்டையாக இருந்தது. கட்டிங் பிளேயர் கடித்த நுனி.

ராய்ஸ் மெல்ல நிமிர்ந்தான். அவனுக்குச் சந்தேகம் எதுவும் பாக்கியில்லை. அவசரமாகச் சாவியை எடுத்து நீட்டினான்.

நடீன் வாங்கவில்லை.

"சாவி இருக்கட்டும் ராய்ஸு. என் தம்பி எங்க தப்பு பண்ணான்னு, நீயே இவங்ககிட்ட சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நீட்டிய சாவி அவன் விரலிலேயே தொங்கியது. கூட்டம் அவன் வாயைப் பார்த்தது. அவள் காத்திருந்தாள், அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முறுக்கிய கம்பியை வெட்டும் கை உங்கள் வாசல் ஏறாதிருக்கட்டும். உங்கள் உலை என்றைக்கும் பொங்கட்டும்.