ஒரே ஸ்டென்சில்

படத்தை மூடியிருந்த கறுப்புத் துணியைக் கிரெய்க் உருவி எடுத்துவிட்டான்.

"ஏம்மா, ஜெயிக்கிற குதிரைக்கு யாராவது முக்காடு போடுவாங்களா? கூட்டமே இதுக்குத்தானே நிக்குது!"

கிரெய்க் பக்கத்து மேசைக்காரன். டிராகன்கள் மட்டும் வரைபவன். திரேசா துணியைக் கேட்டுக் கை நீட்டினாள். அவன் அதை மடித்து நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

திரேசாவின் மேசையில் இரண்டு முகங்கள் இருந்தன. இடது பக்கம் விடிவெள்ளி, ஊரைக் காப்பாற்றுபவள். வலது பக்கம் சாம்பலரசி, ஊரைக் கொளுத்துபவள். காமிக்ஸ் விழாவுக்காக மனுகாவ் நகர மண்டபத்துக்குள் வந்திருந்த அத்தனை பேருக்கும் இருவரையும் தெரியும்.

விடிவெள்ளியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சாம்பலரசியின் முன்னால் நின்றார்கள்.

"அந்தக் கன்னத்தைப் பாரேன். பாக்கவே குலை நடுங்குது."

ஒவ்வொரு பாராட்டுக்கும் திரேசா இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

தங்கை லாங்கி எந்த நேரமும் வந்துவிடலாம். அந்த வலது பக்கத்துப் படத்தை அவள் பார்க்கவே கூடாது.

விடிவெள்ளிக்கு மாடலாக உட்கார்ந்தவள் லாங்கிதான். கார் ஷெட்டில், விளக்குக்கு அடியில், ஒரு தட்டு நிறைய பொரித்த மாவு உருண்டைகளோடு. ஒரு நிமிடம்கூட அசையாமல் இருக்கவில்லை.

"அக்கா, மூக்கு அரிக்குது. சூப்பர்ஹீரோவுக்கு மூக்கு அரிக்குமா, அரிக்காதா? அதை முதல்ல சொல்லு."

அன்று எடுத்த போட்டோவை வைத்துத்தான் திரேசா அட்டையில் ஸ்டென்சில் வெட்டினாள். கண்ணுக்கு ஒரு துளை, மூக்கின் நிழலுக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று. லாங்கிக்குப் பிறந்ததிலிருந்து இடது நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரை படர்ந்திருக்கும் செந்நீல மச்சத்துக்கும் ஒன்று. அதன் ஓரத்து நெளிவுகளைக்கூட விடாமல் வெட்டினாள்.

வண்ணம் அடிக்கும்போது அந்தத் துளையின் மேல் மட்டும் நாடாவை ஒட்டிவிட்டாள்.

விடிவெள்ளியின் கன்னம் பால்போல வந்தது. வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷுக்கு அது கைவந்த வேலை. படத்தை லாங்கிக்குப் போனில் அனுப்பினாள். வரிசையாக இதயங்கள் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் விழாக்காரர்கள், மேசைக்கு இரண்டு புதுப் படங்களாவது வேண்டும் என்றார்கள். இன்னொரு முகத்தைத் தேடி, வெட்டி, அடிக்க நேரமில்லை. திரேசா அதே ஸ்டென்சிலை எடுத்தாள்.

நாடாவை உரித்தாள்.

அவள் இதுவரை அடித்ததிலேயே நன்றாக வந்த கன்னம் அதுதான்.

இப்போது வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். லாங்கியைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது எப்போதுமே சுலபம். சர்ச்சிலும் சரி, ரக்பி மைதானத்திலும் சரி, அந்தக் கன்னம் முதலில் தெரிந்துவிடும். அவள் அதை மறைத்ததே இல்லை. குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தால் குனிந்து, "தொட்டுப் பாக்குறியா? காசு வேணாம்" என்பாள்.

அவள் வந்தவுடன் ஓடிப் போய் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். ஏதாவது சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

தங்க நிற உடையில் ஒரு விடிவெள்ளி மேசை முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து வேஷம் கட்டி வந்த எத்தனையோ விடிவெள்ளிகளில் ஒருத்தி. திரேசாவைப் பார்த்துச் சிரித்தாள்.

திரேசாவும் வாடிக்கையாளருக்கான சிரிப்பைச் சிரித்தாள். பார்வை மறுபடி வாசலுக்குப் போனது.

"படத்தோட நின்னு போட்டோ எடுத்துக்குறீங்களா?"

"அக்கா! லூசா நீ? நான்தான்டி."

குரல் லாங்கியுடையது. கன்னம் அவளுடையது இல்லை.

"நீ அனுப்பின படத்தை வச்சுப் பாத்துப் பாத்து மேக்கப் பூசினேன். ரெண்டு தடவை திட்டுத்திட்டாப் போச்சு, கழுவிட்டு மறுபடி பூசினேன். உன் படம் மாதிரி வந்திருக்கா?"

லாங்கியின் கண்கள் அதற்குள் வலது பக்கம் போய்விட்டன.

சிரிப்பு சற்று நேரம் அவள் முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டதுபோல.

"இதுக்கு நான் எப்ப உக்காந்தேன்?"

"அன்னிக்கேதான்," என்றாள் திரேசா.

கிரெய்க் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். "அடடே, மாடலே வந்தாச்சா! அச்சு அசல் விடிவெள்ளி!"

லாங்கி விரலை வலது பக்கம் நீட்டினாள். "இல்லண்ணே. நான் அவ."

கிரெய்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சும்மா இரும்மா! நீ எங்க, அந்த மூஞ்சி எங்க? உங்க அக்கா அதை எந்த நரகத்துலேர்ந்து பிடிச்சாளோ!"

லாங்கி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். காத்திருந்தாள்.

திரேசா குனிந்து ஏர்பிரஷை எடுத்து, பழுது பார்ப்பவள்போல விசையை அழுத்தினாள். அதன் கிண்ணத்தில் வண்ணம் இல்லை. வெறும் காற்று சீறியது.

லாங்கி மேசையிலிருந்த, வண்ணம் துடைக்கும் ஈரக் காகிதத்தைத் தானே உருவினாள். அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

முதல் இழுப்பிலேயே கிரெய்க்கின் சிரிப்பு நின்றுபோனது.

லாங்கி நிறுத்தவில்லை.