குச்சி இடிக்கும் இடங்கள்

மாப் குச்சி செருப்பு அலமாரியில் இடித்தது. அலமாரி தெருவுக்குப் போயிற்று.

காலையிலிருந்து இதே கூத்துதான். டிரைவர் அந்தக் குச்சியை அறுத்துக் குட்டையாக்கி, இரண்டு கைகளாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து படுக்கையறைக்கும் படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். வலது காலில் கட்டு. குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி நடந்தார். வழியில் குச்சி எதில் இடித்தாலும் அந்தச் சாமானுக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது.

பழைய பேப்பர் கட்டு போனது. ஓடாத மின்விசிறி போனது. யாரும் படுக்காத மடக்குக் கட்டிலும் போனது.

அவர் மனைவிக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, குடித்த டம்ளரை எடுத்த இடத்தில் வைத்தறியாத மனுஷன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இரண்டு லாரிகளுக்கு நடுவே கண்ணாடி உரசாமல் பஸ்ஸை நுழைத்து எடுப்பார். வீட்டுக்குள் மட்டும் எதிலாவது முட்டிக்கொண்டே திரிவார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

திங்கட்கிழமை அவருக்கு ஆபரேஷன். காலில் மூன்று மாதமாக ஆறாத புண். சுத்தம் செய்து கட்டுப் போட்டு இரண்டே நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். அவளை மருந்துக் கடை வரிசையில் நிற்கவைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகத்தான் போயிருந்தார். பயத்தை எதன் மேலாவது காட்ட வேண்டுமே, வீட்டின் மேல் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பீரோவின் மேல் தட்டில் இருந்த தன் சட்டைகளையெல்லாம் அடித்தட்டுக்கு இறக்கினார். ஏன் என்று அவள் கேட்பதற்குள் குளியலறைப் பக்கம் போய்விட்டார்.

குளியலறை வாசலில் கிடந்த கால்மிதியைச் சுருட்டி வெளியே வைத்தார். அவள் எடுத்து வந்து பழையபடி போட்டாள். அவர் மறுபடி சுருட்டினார். அவள் மறுபடி போட்டாள். ஈரக் காலோடு வீடெல்லாம் நடக்கிறவர் அவர்தானே.

அப்புறம் குச்சி தையல் மெஷினில் இடித்தது.

நடைவழி ஜன்னலடியில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிற மெஷின். அவர் விடுப்பில் கிடந்த இந்த மூன்று மாதமும் அவள் அதை மிதித்துத்தான் அடுப்பு எரிந்தது. பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று ஊசியில் மாட்டியபடி இருந்தது.

அவள் குறுக்கே போய் நின்றுகொண்டாள். இதில் மட்டும் கைவைத்தால் நடப்பதே வேறு என்றாள்.

அவர் மெஷினையும் எதிர்ச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பிறகு ஹாலுக்குப் போனார்.

அங்கே பெரிய ஜன்னலோரம் அவருடைய நாற்காலி இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் அதில்தான் விழுவார். வேறு யாரையும் உட்கார விடமாட்டார். அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தெருவில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் விட்டார். காலியான இடத்துக்கு இருவருமாக மெஷினைத் தள்ளினார்கள். வெளிச்சம் அங்கே இன்னும் நன்றாகவே விழுந்தது.

அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "அப்ப நீங்க எதுல உக்காருவீங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்து வரும்போதே ஒண்ணோடதான் வருவேன்" என்றார் அவர், மெஷினைப் பார்த்தபடி.

விளையாட்டுப் பேச்சு என்று சிரிக்கப் போனாள். அவர் சிரிக்கவில்லை. குச்சியைக் குறுக்கே பிடித்து வாசலிலிருந்து குளியலறை வரை நடந்தார். எதிலும் இடிக்கவில்லை.

அன்று அவள் மருந்தோடு திரும்பியபோது, டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர், வராந்தாவில் நின்ற சக்கர நாற்காலி ஒன்றைக் கையால் சாண் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. டிரைவர் புத்தி போகுமா என்று கேலிகூடச் செய்திருந்தாள். மூன்று சாண். குச்சியும் அவ்வளவுதான் இருக்கும்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

குளியலறை வாசலுக்குப் போனாள். கால்மிதியைத் தானே சுருட்டினாள். தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.