முதல் டிக்கெட்

நாமக்கல் கல்யாண மண்டப மேடையில், சம்பங்கி மாலை போட்ட லேப்டாப் குத்துவிளக்கருகே காத்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பேச்சாளர்களுக்கான பயண நிதியின் முதல் டிக்கெட்டைச் சிறப்பு விருந்தினர்தான் பட்டனை அமுக்கி எடுக்க வேண்டுமாம். அது, புனே மாநாட்டில் அகல்யா முதன்முறையாகப் பேசப் போவதற்கான ரயில் டிக்கெட். வேறு வழியில் போக அவளிடம் காசில்லை. விருந்தினரோ மைக்கை விடுவதாக இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், பெரிய திரையில், தட்கல் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. "ஏனுங்க, நானே அமுக்கிக்கட்டுங்களா?" என்று அகல்யா செயலாளர் குணசீலனிடம் கெஞ்சுகிறாள். "அவரு கையால அமுக்குனாத்தான் மரியாதை, சாமி." "அதுக்குள்ள சீட்டு போயிருமுங்க!" "போட்டோ வேணுமில்ல?" கடைசியில் சந்தனம் காய்ந்த விரல் பட்டனைத் தொடுகிறது. 'இடமில்லை' என்று திரை சிவக்கிறது. மண்டபமே எழுந்து கைதட்டுகிறது. நன்றியுரை ஆற்ற அகல்யாவை அழைக்கிறார்கள்.